மேப்பில் இரண்டு கிலோமீட்டர், காலில் எவ்வளவு?

கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நானும் அம்மாவும் இரண்டு நாள் கிருஷ்ணகிரி வருகிறோம். அம்மாவுக்கு 62 வயது. சொந்த வண்டி இல்லை. மேப்பில் பார்த்தால் பழைய பேட்டை, கோட்டை மலை, மியூசியம் எல்லாமே இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில்தான் காட்டுகிறது. ஊரை நடந்தே பார்த்துவிடலாமா?" படித்தவுடன் தூரத்தைப் பற்றிய கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அவர் மனதில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். காவிரிக் கரையில் தட்டையான தெருவில் நடந்து பழகிய கால், மலையடி ஊரில் அதே கணக்கில் நடக்குமா, அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என்பதுதான் அது. சுருக்கமாகச் சொன்னால், ஊரை அம்மாவோடு நடந்து பாருங்கள். மலைக்கு நீங்கள் மட்டும், விடியற்காலையில் போங்கள். அணைக்கு பஸ்ஸில் போங்கள். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் நில அளவையராக முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலேயே நிலம் அளக்கும் சங்கிலியைத் தூக்கியவன். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. சரிவான நிலத்தை அளப்பதில் ஒரு பாடம் உண்டு. சங்கிலியைத் தரையோடு தரையாக இழுத்துப் போட்டால் அளவு தப்பு. ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையைக் கைக்கு மட்டமாகத் தூக்கிப் பிடித்து, அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் முளை அடித்து, படிப்படியாக இறங்க வேண்டும். ஏனென்றால் வரைபடத்தில் இருப்பது எப்போதும் மட்டத் தூரம். மேடு பள்ளம் அதில் கிடையாது. உங்கள் போனில் இருக்கும் மேப்பும் அடிப்படையில் அதே சாதிதான். மலையை அது மேலிருந்து பார்க்கிறது.

இதைச் சொன்னதும் பலர், "அப்படியானால் சரிவில் நிஜத் தூரம் ரொம்பக் கூடிவிடுமா?" என்று கேட்பார்கள். கூடாது. ஐந்தடி போனால் ஓரடி ஏறும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அது நல்ல செங்குத்தான ஏற்றம், மூச்சு வாங்கும். அதில்கூடத் தரையோடு அளந்தால் நூற்றுக்கு இரண்டு மீட்டர்தான் கூடும். காலைக் கொல்வது உயரம்தான். வில்லியம் நெய்ஸ்மித் என்று ஸ்காட்லாந்து மலையேறி ஒருவர் 1892-ல் ஒரு எளிய கணக்கு சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். மீட்டரில் சொன்னால், பத்து மீட்டர் ஏறினால் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது மூன்று மாடி ஏறுவது மட்டத் தரையில் எண்பது மீட்டர் நடப்பதற்குச் சமம். கோட்டை மலை அடிவாரத்திலிருந்து குத்துமதிப்பாக 800 அடி, சுமார் 240 மீட்டர். ஏற்றத்துக்கு மட்டும் 24 நிமிடம், பாதையின் நீளத்துக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிடம். அவர் கணக்குப்படி நாற்பது நிமிடத்துக்குள் உச்சியில் இருக்க வேண்டும். ஆனால் அது குளிர் நாட்டில், மலையேறிப் பழகியவருக்குப் போட்ட கணக்கு. நம் வெயிலுக்கும், ஒழுங்கில்லாத கல்படிக்கும் நான் ஒன்றரை மடங்கு வைப்பேன், ஒரு மணி நேரம். இந்த ஒன்றரை என் அனுபவம் மட்டுமே, எந்த ஆராய்ச்சியும் சொன்னதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. சுவாமிமலையில் அறுபது படி, அறுபது தமிழ் வருடங்களுக்கு அறுபது. உயரம் பத்து மீட்டர் சொச்சம்தான் வரும். வருவதற்கு முன்னால் ஒருநாள் அம்மாவோடு அங்கே போய் வாருங்கள். கைப்பிடியைப் பிடிக்காமல், நடுவில் நிற்காமல் ஏறி, மேலே போனதும் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேசுகிறாரா என்று பாருங்கள். பேசினால் கிருஷ்ணகிரித் தெருக்களில் அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. அதற்காகக் கோட்டை மலையும் முடியும் என்று அர்த்தமில்லை. அது சுவாமிமலை மாதிரி இருபது தடவைக்கு மேல், கைப்பிடியும் நிழலும் இல்லாமல். முட்டி வலி, நெஞ்சு, சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் அதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். நான் நிலத்தை அளப்பவன், முட்டியை அளக்கத் தெரியாது.

ஏறுவதை விட இறங்குவதுதான் வயதானவர்களுக்குப் பாதகம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரம் வலிக்காது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்போதுதான் தெரியும். அதனால் இரண்டு நாள் பயணத்தில் மலையை முதல் நாள் வைத்தால் இரண்டாம் நாள் நொண்டுவீர்கள். கடைசி நாள் காலையில் ஏறி இறங்கி, குளித்து, பஸ் ஏறிவிடுவது என் வழக்கமான யோசனை. வலி ஊருக்குப் போய் வந்துகொள்ளட்டும்.

அப்புறம் பாறை. இந்த வட்டாரப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையது. சுற்றிலும் இருந்த மென்மையான பகுதியெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோக, கெட்டியானது குன்றாக நின்றுவிட்டது. அதனால்தான் தொடர் மலையாக இல்லாமல், யாரோ கொண்டுவந்து இறக்கி வைத்த மாதிரித் தனித்தனியாக நிற்கிறது. மொட்டைப் பாறை வெங்காயம் போலத் தோல் தோலாக உரியும். உரிந்த சில்லு பொடியாகி வழியில் கிடக்கும். காய்ந்த மொட்டைப் பாறையில் செருப்பு நன்றாகப் பிடிக்கும், ஆனால் அந்தப் பொடி மணல் மேல் கால் வைத்தால் கோலிக்குண்டு மேல் வைத்த மாதிரி. இன்னொன்று, பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். அது மழைநீர் இறங்கும் தடம், காய்ந்த பாசி. வெயில் காலத்தில் ஒன்றும் செய்யாது. நனைந்தால் சோப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கார்த்திகை மாதம், இரவு தூறி ஓய்ந்திருந்த பாறையில், குறுக்கே போனால் சீக்கிரம் என்று நான் அந்தக் கறுப்புக் கோட்டில் காலை வைத்தேன். பத்தடி சறுக்கி ஒரு புதரில் நின்றேன். முழங்கையில் தோல் இல்லை, கையில் இருந்த புல வரைபடம் மட்டும் பத்திரமாக இருந்தது. எங்கள் செயின்மேன் என்னை விட இருபது வயது மூத்தவர். மேலே நின்றபடி, "சார், தண்ணி போற வழியில மனுசன் போகக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார். அவர் இறங்கும் விதத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். குதிகாலை ஊன்றவே மாட்டார். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பாதம் முழுவதையும் ஒட்டினாற்போல் வைத்து, சின்னச் சின்ன எட்டாக இறங்குவார். அப்போதிருந்து நானும் அப்படித்தான்.

மலைக்கு எப்போது போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, விடியற்காலை. மாலையில் வெயில் தாழ்ந்துவிட்டதே என்று பலர் நான்கு மணிக்குக் கிளம்புகிறார்கள். பங்குனி, சித்திரையில் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை அந்த நேரத்தில்தான் திருப்பித் துப்பும். முகத்துக்குக் காற்று, காலுக்கு அடுப்பு. போதாததற்கு இறங்கும்போது இருட்டிவிடும். ஐந்தரை, ஆறுக்கு அடிவாரத்தில் இருந்தால் எட்டரைக்குள் இறங்கிவிடலாம். தனியாக ஏற வேண்டாம். சனி ஞாயிறு காலையில் உள்ளூர்ப் பையன்கள் யாராவது ஏறுவார்கள், அவர்களை ஒட்டிப் போங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பாறை முகட்டில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் அந்தப் பக்கம் கல் எறிவது, புகை போடுவது, கத்துவது எதுவும் கூடாது. உச்சியில் கோட்டைச் சுவரின் மிச்சங்களும் சுனையும் தர்காவும் உண்டு. ஊரில் பலருக்கு இது சையத் பாஷா மலைதான், கோட்டை மலை என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். தர்கா பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றுங்கள்.

ஏறும் வழியில் உருண்டு கிடக்கும் பெரிய பெரிய கற்களைப் பார்க்கும்போது 1791 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மைசூர்ப் போரில் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் ஆங்கிலப் படை இரவில் வந்து பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டது. மேல்கோட்டைக்கு ஓடியவர்களின் முதுகிலேயே இவர்களும் ஓடினார்கள். ஆனால் வாசல் சாத்தப்பட்டுவிட்டது. ஏணி போட்டு ஏறப் பார்த்தவர்கள் மேல் திப்புவின் வீரர்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட, ஏணியும் போச்சு, ஆளும் போனார்கள். படை பின்வாங்கியது. மறுவருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமஹால் (இந்தச் சீமைக்கு அன்றைய பெயர்) முழுவதும் எழுத்து மூலமாகவே கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்திய கம்பெனிக்குப் போய்விட்டது, அது வேறு கதை. அந்தச் சரிவை வெறும் தண்ணீர் பாட்டிலோடு ஏறிப் பாருங்கள், துப்பாக்கியோடு ஏறியவன் என்ன பாடு பட்டிருப்பான் என்று கால் சொல்லும். உடன்படிக்கைக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இந்தப் பாரமஹாலில் வயல் வயலாக அளந்துதான் ரயத்வாரி முறைக்கு, அதாவது விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் முறைக்கு, அடி போட்டார்கள். எங்கள் தொழில்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மன்னித்துவிடுங்கள்.

ஆனால் எல்லாமே இப்படி உறுதியாகச் சொல்லக்கூடியவை அல்ல. கிருஷ்ணதேவராயர் பெயரால் கிருஷ்ணகிரி என்பார்கள். கிருஷ்ண என்றால் கருமை, கரும்பாறை மலை என்பதால் கிருஷ்ணகிரி என்பாரும் உண்டு. இரண்டும் கேட்க நன்றாக இருக்கும், எதற்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாரமஹால் என்றால் பன்னிரண்டு கோட்டை என்று சொல்வதும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு பட்டியல், பன்னிரண்டும் ஒத்துப்போவதில்லை. கோட்டை விஜயநகர் காலத்தது, ஜகதேவராயர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, பின்னால் ஹைதர், திப்பு கையில் இருந்தது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அம்மாவோடு நடக்க வேண்டியது பழைய பேட்டை. அதை மலைக்குக் குறைந்ததாக நினைக்காதீர்கள், எனக்குக் கேட்டால் அதுதான் ஊர். பேட்டை என்றால் கோட்டைக்குக் கீழே வணிகர்களும் தொழிலாளிகளும் குடியிருந்த பகுதி. மேக்ஸ்வெல் படை முதலில் புகுந்தது இப்படிப்பட்ட தெருக்களில்தான். மாசி, பங்குனியில் வந்தால் புளி. ஓடு உடைத்த புளியைக் குவித்துப் போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சின்ன இரும்பால் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையைத் தனியே தள்ளிக்கொண்டிருப்பார்கள். கண் கையில் இருக்காது, பேச்சில் இருக்கும். கொட்டை மட்டும் சரியாகப் பிதுங்கி விழும். அந்தத் தெருவில் நுழையும்போதே நாக்கில் தண்ணீர் ஊறும். பேச்சையும் கவனியுங்கள். ஒரே கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கலாம். கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றுவார். இங்கே ஏற்ற இறக்கம் இருந்தாலும் நின்று நின்று போகலாம், உட்காரத் திண்ணையோ டீக்கடை பெஞ்சோ கிடைக்கும். காலை ஏழிலிருந்து பத்து வரை, இல்லையென்றால் மாலை நான்கரைக்கு மேல்.

நடுப்பகலுக்கு அரசு அருங்காட்சியகம். காந்தி சாலையில் கேட்டால் சொல்வார்கள். 1993-ல் தொடங்கியது. நடுகற்களை நிதானமாகப் பாருங்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இப்படிக் கற்கள் நிற்கும். அளக்கப் போகும்போது நாங்களே எத்தனையோ கல்லைச் சர்வே கல் என்று நினைத்துக் கிட்டே போய், வாளேந்திய வீரனைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுத் திரும்பியிருக்கிறோம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

வழி கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் கோபுரத்தைப் பார்த்து திசை பிடிப்பீர்கள். இங்கே மலையைப் பாருங்கள், பெரும்பாலான இடத்திலிருந்து தெரியும். மலை வலது கைப் பக்கம் இருக்க வந்தோம் என்றால், அது இடது கைப் பக்கம் இருந்தால் திரும்பிப் போகிறோம் என்று அர்த்தம். போன் சார்ஜ் போனாலும் மலை போகாது. யாரையாவது கேட்டால் "இந்தா, கூப்பிடு தூரம்தான்" என்பார்கள். பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்கள் கூப்பிடும் குரல் பெரியது. தூரத்தைக் கேட்காமல், "ஏத்தமா, எறக்கமா?" என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் வரும்.

கிருஷ்ணகிரி அணை ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். தென்பெண்ணையின் குறுக்கே கட்டி, 1957-ல் காமராஜர் திறந்து வைத்தது. தரை மட்டம்தானே, எட்டு கிலோமீட்டர் நடக்க மாட்டோமா என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். சென்னை, பெங்களூரு, சேலம் என்று பெரிய சாலைகளெல்லாம் வந்து சேரும் ஊர் இது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக் காற்றில் நடப்பது மலையேறுவதை விட ஆபத்து. டவுன் பஸ் பிடித்துப் போய், அணைப் பூங்காவில் அம்மாவோடு மாலையில் ஒரு மணி நேரம் உலாத்துங்கள், போதும். நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டி வந்தால் சுற்றுவழியானாலும் பாலத்துக்கு அடியில்தான் போக வேண்டும். தடுப்புச் சுவரைத் தாண்டுகிறவர்களைப் பார்த்து நீங்களும் தாண்டாதீர்கள்.

அம்மாவுக்கும் ஒரு மலை மேலிருந்து ஊரைப் பார்க்க ஆசை இருந்தால், ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் இருக்கிறது. மலைக் கோயில்தான், ஆனால் மேலே வரை வண்டி போகும். பஸ்ஸில் ஓசூர் போய் அங்கிருந்து ஆட்டோ. கடல் மட்டத்திலிருந்து கிருஷ்ணகிரியை விட நல்ல உயரத்தில் இருக்கும் ஊர், வெயிலும் குறைவு.

ரயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் ஒன்று ஓடியது, பின்னால் அதை மூடிவிட்டார்கள். சேலத்தில் இறங்கி பஸ்ஸில் வாருங்கள். தங்குவதற்கு பஸ் ஸ்டாண்டு பக்கமே அறை எடுங்கள். அம்மாவுக்காகச் சொல்கிறேன், நடைக்குக் கிளம்பும் முன் கழிப்பறையை அறையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. வழியில் சுத்தமாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. சாப்பாட்டுக்கு ஒரு வேளையாவது களி கேட்டுப் பாருங்கள். ராகி இந்தச் சீமையின் சோறு. மலை இறங்கி வந்த பசிக்கு ஒரு உருண்டை களியும் கீரைக் கடைசலும் பிற்பகல் வரை தாங்கும்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று எழுதவில்லை. நடக்க மட்டும் என்றால் மார்கழி, தை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகுதான் பாறையில் கால் வைக்க வேண்டும். வைகாசி, ஆனியில் வந்தால் வெயிலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், மாம்பழம் ஈடுகட்டிவிடும். கிளிமூக்கு மாதிரி நீண்டிருக்கும் பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போவது. சாப்பிட அல்போன்சா, மல்கோவா, செந்தூரா பாருங்கள். வாங்குவதைக் கடைசியாக, பஸ் ஏறுவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே மலிவாகக் கிடைக்கிறதே என்று அம்மா ஐந்து கிலோ வாங்கிவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு பேட்டை முழுக்கச் சுற்றப் போவது நீங்கள்தான்.